லைன் அக்காவும் ஒரு முழு நிமிடமும்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்கும். "பயப்படாதீங்க, லைன்லயே இருங்க, நானும் இருக்கேன்" என்று சொல்லும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை லிஃப்ட் கம்பெனியில் எல்லோரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மெக்கானிக்குகளும் அப்படித்தான். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கண்ட்ரோல் ரூம் என்று கதவில் எழுதியிருக்கும். எழுத்தைப் பார்த்து மிரண்டு உள்ளே போனால் சிரிப்பு வரும். இரண்டு மேசை, இரண்டு ஃபோன், ஒரு மின்விசிறி. விசிறியைப் போட்டால் காகிதமெல்லாம் பறக்கும், நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும். லைன் அக்கா காகிதத்தின்மேல் ஒரு பழைய லிஃப்ட் கப்பியைத் தூக்கி வைத்துவிட்டு விசிறியைப் போட்டுக்கொண்டாள். இப்படி எதற்கும் ஒரு வழி வைத்திருக்கிற பெண் அவள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுக்க டை கட்டிய ஒருவர் வந்தார். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட எப்பவும் சின்ன நேரமா சொல்லணும். ஒன் செகண்ட், ஜஸ்ட் எ மொமென்ட், இன் எ மினிட், ரைட் அவே. இந்த வார்த்தையெல்லாம் மாத்திரை மாதிரி. போட்டதும் கேக்கறவங்களுக்கு மனசு லேசாயிடும்" என்றார். சொல்லிவிட்டு, தானே "ஒன் மினிட்" என்று எழுந்து டீ குடிக்கப் போனார். அரை மணி கழித்து வந்தார்.

முதல் வாரத்திலேயே மாத்திரை வேலை செய்யவில்லை. ஒரு தையல்காரர் மாட்டிக்கொண்டிருந்தார். "இன் எ மினிட், சார்" என்றாள் இவள், சொல்லிக்கொடுத்தபடியே, தேன் ஒழுக. மறுமுனையில் சத்தமே இல்லை. ஆள் மயங்கிவிட்டாரோ என்று இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் குரல் வந்தது.

"அறுபது."

"என்ன சார்?"

"அறுபது எண்ணிட்டேன்மா. கதவு மூடினது மூடினபடியேதான் இருக்கு. இன்னொரு தரம் எண்ணட்டுமா?"

அன்றோடு மினிட் என்ற வார்த்தையைத் தன் லைனிலிருந்து விரட்டினாள். எண்ண முடிகிற எதையும் அடைபட்டவரிடம் சொல்லக்கூடாது என்று புரிந்தது. அப்புறம் கொஞ்ச காலம் மொமென்ட் வந்து குடியேறியது. அதன் நீளம் யாருக்கும் தெரியாது, ஆகையால் யாராலும் எண்ண முடியாது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு கல்லூரி வாத்தியாரம்மா மாட்டிக்கொண்டார். "உங்க மொமென்ட் ரொம்ப நீளமா இருக்கேம்மா. இதுல பாதி அளவுல வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். லைன் அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். நேரத்தையே சொல்வதில்லை. நடக்கிறதைச் சொல்வாள். "மெக்கானிக் பெட்ரோல் பங்கைத் தாண்டிட்டார். இப்ப உங்க தெரு முனையில வண்டியைத் திருப்பறார். வாசல்ல வாட்ச்மேன்கிட்ட பேசிட்டிருக்கார். மாடிப்படி ஏறறார், மூச்சு வாங்குது அவருக்கு, கொஞ்சம் குண்டு." உள்ளே இருப்பவர் சிரிப்பார். ஆள் எங்கே வருகிறான் என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் ஆச்சரியமான அளவுக்குப் பொறுமைசாலிகளாகிவிடுகிறார்கள்.

ஆனால் இதற்கு மெக்கானிக் எங்கே இருக்கிறான் என்ற உண்மை வேண்டும். அதை மெக்கானிக்குகளிடமிருந்து கறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு வார்த்தை இருந்தது. ஒருவன் "ஆன் தி ஸ்பாட்" என்றால் இப்போதுதான் குளிக்கப் போகிறான். இன்னொருவன் "இம்மீடியட்லி" என்றால் அவன் வண்டி பஞ்சர். இவர்களிலெல்லாம் மன்னன் ஒருவன் இருந்தான். எந்தக் கட்டடம், எவ்வளவு தூரம், மழையா வெயிலா என்ற வித்தியாசமே இல்லாமல் "டூ மினிட்ஸ்" என்பான். வேலை சுத்தம். அவன் தொட்ட லிஃப்ட் சிணுங்காமல் ஓடும். ஆனால் தொடுவதற்கு அவன் வந்து சேரவேண்டுமே. கம்பெனியில் அவனுக்குப் பேரே டூ மினிட்ஸ்தான்.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள் லைன் அக்கா.

"டூ மினிட்ஸ்."

"அது எந்த ஊர்ல இருக்குங்க? அங்கேர்ந்து இங்க வர பஸ் உண்டா?"

மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பு ஃபோனையே அதிர வைத்தது. அன்றுதான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னான். "வீட்லதாங்க இருக்கேன். ஒரு சாக்ஸ் கிடைக்கல." உண்மை பேசுகிற ஆண் என்று அவனை நம்பி அவள் கல்யாணம் செய்துகொண்டதுதான் அவள் செய்த பெரிய தப்புக் கணக்கு. கல்யாணத்தைப் பதிவு செய்கிற ஆபீஸில் பெண் வந்தாள், சாட்சிகள் வந்தார்கள், அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை டூ மினிட்ஸில் வந்துகொண்டே இருந்தான்.

பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. சண்டை சச்சரவில்லாத நல்ல குடித்தனம். நான்காவது மாடியில் சின்ன வீடு. ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவனுடைய அம்மா, ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் இவர்களோடு வந்து சேர்ந்தார்.

கட்டடம் முழுக்க அவரை சிஸ்டரம்மா என்றார்கள். நர்ஸ் வேலையை விட்டாலும் நர்ஸ் கடிகாரத்தை விடவில்லை அவர். இடது மார்பில் ஊசி குத்தித் தலைகீழாகத் தொங்கும் அது. எதிரே நிற்பவர்களுக்குத்தான் தலைகீழ், குனிந்து பார்க்கிற அவருக்கு நேராகத் தெரியும். எத்தனையோ ஆயிரம் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டு அந்த முள் ஒரு சுற்று சுற்றுவதைப் பார்த்தவர். அவருக்கு நிமிடம் என்றால் நிமிடம், நொடி என்றால் நொடி. அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்த மகனைத்தான் பார்த்தோமே.

"இவன் வயித்துல இருக்கறப்பவே டாக்டர் சொன்ன தேதிக்கு வரல. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்பார்.

மகனை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது பழகிப்போன வியாதி. மருமகளைத்தான் நம்பி வந்தார். மருமகளோ, ஆபீஸில் முகம் தெரியாத ஆட்களிடமெல்லாம் அத்தனை பதமாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் டை கட்டியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்துவிடுவாள்.

"ஏம்மா, அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடேன்."

"ஒன் செகண்ட் அத்தை."

"என் ரூம்ல பல்பு விட்டு விட்டு எரியுது."

"ஜஸ்ட் நவ் அத்தை, இதோ."

வேண்டுமென்று செய்ததில்லை. ஒரு கையில் குக்கர், ஒரு கையில் ஃபோன், மனசு நாளைய ஷிஃப்டில். அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. வார்த்தையைப் போட்டுவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும், அந்த நிம்மதியிலேயே காரியம் மறந்துவிடும். சிஸ்டரம்மா ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. குனிந்து கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஊசியும் நூலுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தார். "ஏம்மா, இந்த ஊசியில நூல் கோத்துக் கொடுத்துட்டுப் போயேன்."

"ஒன் செகண்ட் அத்தை" என்றாள் மருமகள், துணி மடித்தபடி.

அந்தத் துணி முடிந்தது. மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். பேசினாள். குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்தாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. இறக்கினாள். நினைவு வந்து திரும்பிப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. சிஸ்டரம்மா ஒரு கையில் ஊசியும் மறுகையில் நூலுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். இவள் ஓடுவதற்குள் இரண்டையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். "பரவாயில்லம்மா" என்றார்.

அந்தப் பரவாயில்லைதான் இவளை ராத்திரி தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிஸ்டரம்மாவின் சூட்கேஸ் கட்டிலுக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது. "என் மக வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாள் அங்க இருந்து பாக்கறேன்" என்றார். "கொஞ்ச நாள்" என்று சொன்னவர் குளிர்காலக் கம்பளியையும் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்போது வெயில் காலம்.

லைன் அக்கா வாசலிலிருந்து உள்ளே வந்தாள். போகாதீங்க அத்தை என்று சொல்ல வாய் வரையில் வந்தது. யார் யாரிடமோ எவ்வளவோ நேரம் பேசுகிறவளுக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் செய்யலாம். கோபித்துக்கொள்ளாத ஆளை என்ன சொல்லிச் சமாதானம் செய்வது? ஆபீஸுக்கு லீவு சொன்னாள், அவ்வளவுதான் முடிந்தது.

மகன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "பஸ்ல நானே ஏத்தி விடறேன்மா. ஆபீஸ்ல ஒரு சாவி குடுக்கணும், குடுத்துட்டு ஓடி வந்துடறேன். டூ மினிட்ஸ்."

சிஸ்டரம்மா குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். மகன் போனான். பஸ் நேரம் நெருங்கியது. மகன் போனவன் போனவன்தான்.

"வாம்மா, நாமளே போயிடலாம்" என்றார் மாமியார் கடைசியில். அவர் எப்போதும் படியில் இறங்குகிறவர், லிஃப்ட் பக்கமே போகமாட்டார். அன்றைக்கு சூட்கேஸ் கனத்தது, முழங்கால் வலித்தது. மருமகள் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கும் நம்முடைய டூ மினிட்ஸ்தான் மெக்கானிக். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே அது ஒரு மாதத்துக்கு மேலாகக் கடகடவென்று முனகிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் எல்லோரும் அவனிடம் சொல்லியாகிவிட்டது. எல்லோருக்கும் அவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சரியாக அந்த இடத்தில் கடகட என்றது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நின்றது. விளக்கு அணைந்து, மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது.

மருமகள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பொத்தானின் இந்தப் பக்கத்தில் அவள் நின்றதே இல்லை.

"வணக்கம்" என்றது ஒரு குரல், பட்டுத்துணியைத் தடவுகிற மாதிரி. "உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி. ஜஸ்ட் எ மொமென்ட், ப்ளீஸ்." பிறகு பாட்டு ஓடியது.

அந்தக் குரல்காரர் கண்ட்ரோல் ரூமில் புதிதாகச் சேர்ந்தவர். முன்பு ஒரு பெரிய கடையில் மைக்கில் அறிவிப்புச் செய்தவர், ஐம்பது வயது, கம்பெனியில் வைத்த பேர் வெல்வெட். குழந்தை காணாமல் போன அறிவிப்பை அவர் படித்தால் பெற்றவர்களே குழந்தையை மறந்து ஒரு நிமிடம் ரசித்து நிற்பார்களாம்.

"பாட்டை நிறுத்துங்க சார், நான்தான் பேசறேன்!"

"மேடம்? லீவுன்னு சொன்னீங்களே?"

"லீவு எடுத்துட்டுத்தான் மாட்டியிருக்கேன். எங்க வீட்டு லிஃப்ட். நானும் எங்க அத்தையும்."

"ஐயையோ. பயப்படாதீங்க மேடம், இன் எ ஜிஃபி ஆள் வந்துடுவார்."

"ஜிஃபின்னா எவ்வளவு நேரம் சார்?"

வெல்வெட் யோசித்தார். "அது எனக்கே தெரியாது மேடம். கேக்க நல்லாருக்கேன்னு சொன்னேன்."

"யாரை அனுப்பறீங்க?"

"கிட்டத்துல இருக்கறது..." காகிதம் புரளும் சத்தம். விசிறியில் பறந்ததைப் பிடிக்கிறார் போலிருக்கிறது. "உங்க வீட்டுக்காரர்தான் மேடம். சொல்லிட்டேன். டூ மினிட்ஸ்ல வரேன்னு சொல்றார்."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிஸ்டரம்மா சூட்கேஸைப் படுக்கவைத்தார், அதன்மேல் வசதியாக உட்கார்ந்தார், கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"நீயும் உக்காரு. இடம் இருக்கு" என்றார்.

மருமகளால் உட்கார முடியவில்லை. அவளுக்கு வியர்த்தது. சுவர் கிட்டே வருகிற மாதிரி இருந்தது. மூச்சை மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். இப்போது இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. அவன் இப்போது எங்கே வந்துகொண்டிருப்பான், பெட்ரோல் பங்கா, தெரு முனையா? வெல்வெட்டைக் கேட்டால் ஜிஃபி என்பார். யாரும் இல்லாத வெறும் பெட்டிக்குள் வார்த்தைகளை மட்டும் போட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டது போலிருந்தது.

"என்னம்மா? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? இங்க வா." சிஸ்டரம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரலை நாடியில் வைத்தார். குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் பேசாம இரு."

லைன் அக்கா பேசாமல் இருந்தாள்.

அந்த நிமிடத்தை அவள் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், சரியாகச் சொல்லத்தான் வரவில்லை. முள் நகர்ந்தது. மாமியாரின் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. அவர் வேறெங்கும் பார்க்கவில்லை, வேறெதையும் நினைக்கவில்லை, உதடு மட்டும் லேசாக அசைந்தது. முள் கால் வட்டம்கூடப் போகவில்லை, அதற்குள் எவ்வளவு நேரம் ஆகிவிட்டது! நிமிடம் இவ்வளவு பெரிதா? இந்த ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்ததே கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. கூடவே, ஊசியும் நூலுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு எத்தனை சுற்று இந்த முள் சுற்றியிருக்கும் என்றும் தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது.

"நூத்திப் பத்து. பயந்த நாடிதான், வேற ஒண்ணுமில்ல" என்றார் சிஸ்டரம்மா. கையை விடவில்லை. "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றவளுக்கு இப்படியா?"

"அத்தை, நேத்து அந்த ஊசி..." என்றாள் மருமகள். "ஒன் செகண்ட்னு சொல்லிட்டு நான்... தப்பு அத்தை. ரொம்பத் தப்பு. போகாதீங்க அத்தை."

கட்டிலருகே வராத வாக்கியம் லிஃப்டுக்குள் வந்துவிட்டது.

சிஸ்டரம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நானும் வார்டுல பெல் அடிச்சவங்ககிட்ட இதோ வரேன்னு சொல்லியிருக்கேன். சொல்லிட்டுப் போகாமலும் இருந்திருக்கேன், பொய் சொல்லக்கூடாது. இப்ப கட்டில்ல நான் படுத்திருக்கேன், பெல்லு என் கையில இருக்கு, அவ்வளவுதான்." சிரிக்கப் பார்த்தார். "ஊசி பெரிசில்லம்மா. கண்ணு தெரியல. இருட்டுல நரம்பு தேடி ஊசி போட்டவ நான். நூல் கோக்க முடியலேன்னு உன்கிட்ட கேக்கறதுக்கே எனக்கு ரெண்டு நாளாச்சு."

மருமகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"சரி, மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீ என்னதான் சொல்லுவே? எனக்கும் சொல்லு பாப்போம்."

"நேரம் சொல்லமாட்டேன் அத்தை. ஆளு எங்க வரான்னு சொல்லுவேன்."

"அட, அதைத்தானே நானும் கேட்டேன்! கையில சோப்பு இருக்கு அத்தை, கழுவிட்டு வரேன்னு சொல்லு. நான் உக்காந்திருக்கமாட்டேனா? செகண்டு, மினிட்டு, ஜஸ்ட்டுன்னு காத்துல கணக்குக் காட்டினா என்னத்தைப் புரிஞ்சுக்கறது?"

"நூலை எடுங்க அத்தை. இப்பவே கோத்துத் தரேன்."

"இந்த வெளிச்சத்துலயா?"

"எடுங்களேன்."

சிஸ்டரம்மா எழுந்தார், சூட்கேஸைத் திறந்தார். கம்பளிக்கு மேலேயே டப்பா இருந்தது. டப்பாவுக்குக் கீழே, மடிப்புக் கலையாமல் ஒரு நீலச் சட்டை. மருமகளுக்கு அது என்ன என்று உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுடைய ஆபீஸ் சட்டை. இரண்டாவது பொத்தான் அறுந்து, மூன்று வாரமாகச் சேஃப்டி பின் குத்திக்கொண்டு போகிறாளே, அதே சட்டை. துவைத்த துணியில் காணோமே என்று நேற்றுக்கூடத் தேடினாள்.

"இதுக்குத்தான் அத்தை நூல் கேட்டீங்களா?"

"பின்னோடயே திரியறியே. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க, வீட்ல பெரியவங்க யாருமில்லையான்னு கேக்கமாட்டாங்களா? அங்க போயாவது யார்கிட்டயாவது கோத்து வாங்கித் தச்சு அனுப்பலாம்னு வச்சேன்."

மருமகள் அழுதேவிட்டாள். ஆனால் அழுகிற நேரமில்லை இது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நூல் முனையை நாக்கில் ஈரப்படுத்தி, ஊசியை மஞ்சள் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நூல் ஊசிக் காதின் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, உள்ளே மட்டும் போகவில்லை. சிஸ்டரம்மா மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, "இடது பக்கம், இன்னும் கொஞ்சம், ஆங், இல்ல, போச்சு" என்று வழிகாட்டினார்.

இதற்கிடையில் வெளியே ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் பெண்டாட்டியும் ஒரே லிஃப்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள் என்று வெல்வெட் சொன்னதும் டூ மினிட்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாசம்தான் காரணம். அதோடு, பூட்டிய பெட்டிக்குள் அந்த இரண்டு பேரும் வேறு பேச்சு இல்லாமல் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் யார் தலையில் போய் முடியும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்ன நேரத்துக்குள் கட்டடத்து வாசலுக்கு வந்துவிட்டான். படியில் தாவி, மேலே மோட்டார் அறைக்குள் புகுந்து, பிரேக்கைத் தளர்த்தி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இரண்டாவது மாடிக்கு இறக்கினான். உள்ளே இருந்தவர்கள் லிஃப்ட் அசைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவன் மூச்சிரைக்க ஓடிவந்து, முக்கோணச் சாவியைப் போட்டுத் திருகி, கதவை இரண்டு கையாலும் பிளந்தான்.

"அம்மா! வந்துட்டேன்! சொன்னபடி டூ மினிட்ஸ்! வேணும்னா கடிகாரத்தைப் பாத்துக்க!"

அவன் போட்ட சத்தத்தில் அப்போதுதான் ஊசிக் காதுக்குள் நுழைந்த நூல் முனை வெளியே வந்துவிட்டது.

"ஒன் மினிட் இருடா!" என்று சிஸ்டரம்மா கத்தினார்.

மகன் அப்படியே நின்றான். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவன் கேட்டதில்லை. அம்மா திரும்பியும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. திறந்த கதவில் வெளிச்சம் வந்ததும் மருமகள் ஒரே குத்தில் நூலைக் கோத்தாள். சிஸ்டரம்மா சட்டையை மடியில் விரித்து, சூட்கேஸ்மேல் உட்கார்ந்தபடியே, லிஃப்டுக்குள்ளேயே பொத்தானைத் தைக்க ஆரம்பித்தார்.

"அம்மா, வெளியில வந்து தைக்கலாமே. பஸ் போயிடும்மா."

"நீ முதல்ல இந்தக் கடகடவைப் பாரு. பஸ்ஸை அப்புறம் பாக்கலாம்."

லிஃப்ட் ஸ்பீக்கரிலிருந்து வெல்வெட்டின் குரல் உருகியது. "மேடம், ஆள் வந்துட்டாரா? இன்னும் ஜஸ்ட் எ மொமென்ட்..."

"வந்துட்டார் சார்" என்றாள் லைன் அக்கா. "நாங்கதான் இன்னும் வரல."

அன்று பஸ் போய்விட்டது. கடகட அன்றைக்கே சரியானது. படிக்கட்டில் கட்டடமே நின்று வேடிக்கை பார்க்கும்போது டூ மினிட்ஸ் வேறு என்ன செய்வான்? லைன் அக்கா வீட்டில் அந்த மாத்திரை டப்பாவை மூடிவிட்டாள். "கையெல்லாம் மாவு அத்தை, கழுவிட்டு வரேன்", "ஃபோன்ல இருக்கேன் அத்தை, உங்க பேத்திதான், வச்சதும் வரேன்" என்று தான் இருக்கிற இடத்தைச் சொல்கிறாள். சில நாள் மறந்து ஒன் செகண்ட் என்று வாயில் வந்துவிடும். உடனே உள்ளே இருந்து "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணும் குரல் கேட்கும், ஓடுவாள். சிஸ்டரம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. இப்போது நூல் அவரே கோக்கிறார், ஆனாலும் மருமகளைக் கூப்பிட்டுத்தான் கோக்கச் சொல்கிறார்.

பஸ்ஸை விட்ட அன்று சாயங்காலம் சிஸ்டரம்மாவின் மகள் ஃபோன் செய்தாள், அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அம்மா வருவார் என்று ஜன்னலோரம் மெத்தை விரித்து, புதுப் போர்வை போட்டு, காலையிலிருந்து காத்திருந்தவள். "எங்கம்மா இருக்கே? பஸ் ஏறிட்டியா இல்லையா?" என்று பதறினாள்.

சிஸ்டரம்மா மருமகளைப் பார்த்தார். மருமகள் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதோ, கிளம்பிட்டே இருக்கேன்டி. ஜஸ்ட் டூ மினிட்ஸ்" என்றார்.

மகளும் அதே குடும்பத்தில் பிறந்தவள்தானே. ஃபோனை வைத்தாள், போர்வையை உதறினாள், மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுப் போய் வேறு வேலை பார்த்தாளாம்.